அரிக்கேன் விளக்கு

சென்ற மழைக் காலத்தில் ஒரு நாள் மாலை நமது வீதியில் மின்சாரம் நின்றுவிட்டது. இது பத்திரிகையில் எழுதுவதற்குரிய அதிசயமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். வழக்கமாக அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும் மின்சாரம் அன்றைக்கு இரவு பத்து மணியாகியும் வரவில்லை என்பதுதான் விசேஷம். வீட்டிலிருந்த செல்போன்களின் வெளிச்சத்தை நம்பிச் சிறிது நேரம் கழித்தோம். அவை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. மெழுகுவத்தியைத் தேடியதில் கட்டை விரல் உயரத்தில் ஒரு துண்டு அகப்பட்டது. தீப்பெட்டியோ ஈரத்தில் நமத்துப் போயிருந்தது.

"பரண்மேலே அரிக்கேன் விளக்கு ஒன்று கிடந்ததே! அதை எடுத்துப் பாரேன்" என்றார் வீட்டுப் பாட்டியம்மாள்.

எடுத்துப் பார்த்தோம். விளக்கு இருந்தது. கண்ணாடிச் சிம்னியும் உடையாமல் இருந்தது. ஆனால் உள்ளே திரி இல்லை. ஊற்றுவதற்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் வீட்டில் இல்லை. அந்த விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்த எட்டு வயதுப் பேத்தி, "அரிக்கேன் என்றால் என்ன, பாட்டி?" என்று கேட்டாள்.

"அரிக்கேன் என்றால் அரிக்கேன்தான். இது என்ன கேள்வி?" என்றார் பாட்டி.

கேள்வி நம் பக்கம் திரும்புவதற்குள் நல்ல வேளையாக மின்சாரம் வந்துவிட்டது. வீதி முழுவதும் ஒரே ஆரவாரம். விளக்கு மறுபடியும் பரணுக்குப் போயிற்று. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. பதிலைத் தேடிப் புறப்பட்டோம். அது நம்மைப் பூமியின் மறுபக்கத்திலுள்ள ஒரு சிறு தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே நாம் அறிந்து கொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒரு சொல்லின் பிறப்பிடம்

அமெரிக்கக் கண்டத்தின் நடுவே கரிபியன் கடல் என்று ஒரு கடல் இருக்கிறது. அதிலுள்ள தீவுகளில் பழங்காலத்தில் தாயினோ என்னும் ஜனங்கள் வாழ்ந்தார்கள். வருஷா வருஷம் கடலிலிருந்து கிளம்பி வந்து மரங்களையும் குடிசைகளையும் பிடுங்கி எறிந்த பெருங்காற்றுக்கு அவர்கள் 'ஹுரக்கான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள். தீவுகளைப் பிடித்துக் கொண்டார்கள். அந்தச் சொல்லையும் எடுத்துக் கொண்டார்கள். ஸ்பானியரிடமிருந்து அது இங்கிலீஷ்காரர்களிடம் வந்து 'ஹரிகேன்' ஆயிற்று. எவ்வளவு காற்றடித்தாலும் அணையாத விளக்கு ஒன்றைச் செய்தபோது அதற்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். அந்த விளக்கு கப்பலேறி நமது நாட்டுக்கு வந்து, நம் பாட்டிமார்களின் வாயில் 'அரிக்கேன்' ஆயிற்று.

ஆகவே, பேத்தியின் கேள்விக்குப் பதில் இதுதான்: அரிக்கேன் என்றால் புயல். விளக்கை அணைக்கும் காற்றின் பெயரே விளக்குக்குப் பெயராக அமைந்து விட்டது!

அந்தச் சொல் பிறந்த தீவுகளில் ஒன்று போர்ட்டோ ரிக்கோ. கிழக்கு மேற்காகச் சுமார் 100 மைல், தெற்கு வடக்காகச் சுமார் 35 மைல். நடுவே ஒரு மலைத் தொடர். 2017-ஆம் வருஷத்தில் அங்கே 33 லட்சம் ஜனங்கள் வசித்தார்கள். தென்னையும் வாழையும் காப்பித் தோட்டமும் நிறைந்த அந்தப் பூமியை, நம்மவர்கள் பார்த்தால் ஏதோ தெரிந்த ஊருக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார்கள்.

அந்த ஜனங்களின் அரசியல் நிலைமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நானூறு வருஷ காலம் ஸ்பெயின் தேசத்தின் ஆட்சியில் இருந்த அத்தீவு, 1898-ல் நடந்த யுத்தத்தின் முடிவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. 1917-ல் தீவு வாசிகளுக்கு அமெரிக்கப் பிரஜா உரிமை அளிக்கப்பட்டது. ஆனால் அது ஒரு விசித்திரமான பிரஜா உரிமை. தீவில் வசிப்பவர்களுக்கு அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வோட்டு கிடையாது. அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபையில் அவர்களுக்கு ஒரே ஒரு பிரதிநிதி உண்டு. அவர் எழுந்து பேசலாம், சபையின் முடிவான வாக்கெடுப்பில் கை தூக்க முடியாது. 1920-ல் செய்யப்பட்ட ஒரு சட்டத்தின்படி அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து தீவுக்கு வரும் சரக்குகளெல்லாம் அமெரிக்காவில் கட்டிய அமெரிக்கக் கப்பல்களிலேயே வர வேண்டும். மற்றொருவர் கையை எதிர்பார்த்து வாழ்வது என்ன என்பதை நமது நாட்டின் மூத்த தலைமுறையினர் அனுபவித்து அறிந்தவர்கள். அவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

காற்று ஒரு நாள்

2017 செப்டம்பர் 20-ந் தேதி காலையில் 'மரியா' என்று பெயரிடப்பட்ட புயல், தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள யபுகோவா என்னும் ஊர் வழியாக உள்ளே புகுந்தது. காற்றின் வேகம் மணிக்கு 155 மைல். 1928-க்குப் பிறகு அவ்வளவு பலமான புயல் அத்தீவைத் தாக்கியதில்லை. அது ஒரு மூலையில் நுழைந்து, தீவைக் குறுக்காகக் கடந்து, வடமேற்கு மூலை வழியாக அன்று பிற்பகலில் வெளியேறிற்று. மலையெல்லாம் இலை உதிர்ந்து, நெருப்பிலே வெந்தது போல் பழுப்பு நிறமாய் நின்றது. வாழைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் ஒரே நாளில் அழிந்தன. ஆறுகள் பெருகிப் பாலங்களை அடித்துக் கொண்டு போயின.

இரண்டு வாரத்துக்கு முன்னால் 'இர்மா' என்ற வேறொரு புயல் தீவின் வடக்கே ஒதுங்கிப் போயிருந்தது. அப்போதே லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்று, சில வீடுகளுக்கு இன்னும் திரும்பி வராமலே இருந்தது. மரியா வந்ததும் மிச்சமிருந்ததும் போயிற்று. தீவு முழுவதும் ஒரே சமயத்தில் இருளில் மூழ்கியது.

இப்படி ஆனதற்குக் காற்றை மாத்திரம் குற்றம் சொல்வது நியாயமாகாது. தீவின் பெரிய மின்சார நிலையங்களில் பல தெற்குக் கரையில் இருந்தன. மின்சாரத்தை அதிகம் செலவழிக்கும் தலைநகரான ஸான் ஹுவானோ வடக்குக் கரையில் இருக்கிறது. நடுவே மலை. அந்த மலைமேல் ஏறி இறங்கிய கோபுரங்களும் கம்பிகளும்தான் தெற்கிலிருந்து வடக்குக்கு வெளிச்சத்தைச் சுமந்து வந்தன. அவற்றைப் பழுதுபார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. கம்பியை உரசும் மரக் கிளைகளை வெட்டுவதற்குக்கூட ஆட்கள் போதவில்லை. தீவின் மின்சார ஸ்தாபனம் சுமார் 900 கோடி டாலர் கடனில் மூழ்கி, அந்த வருஷம் ஜூலை மாதத்தில்தான் திவாலாகியிருந்தது. கறையான் அரித்த தூண் புயலில் விழுந்தால் புயலை மட்டும் நொந்து கொள்வானேன்?

இருளில் குடித்தனம்

மின்சாரம் நின்றால் விளக்கு மட்டுமே அணையும் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். போர்ட்டோ ரிக்கோ ஜனங்கள் அறிந்து கொண்டது வேறு. மின்சாரம் நின்றதும் தண்ணீர் நின்றது. ஏனெனில் தண்ணீரை மேடேற்றும் பம்புகள் நின்றன. செல்போன் கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செயலற்றுப் போயின. பாங்கிகளில் பணம் எடுக்க முடியவில்லை. கடைக்காரர்கள், "ரொக்கமாக இருந்தால் கொடுங்கள்" என்றார்கள். கையில் அட்டையும் கணக்கில் பணமும் இருந்தவர்கள், மடியில் நாலு காசு இல்லாமல் நின்றார்கள்.

நெடுஞ்சாலைகளில் ஒரு விநோதமான காட்சி. ஆள் நடமாட்டமில்லாத ஓரிடத்தில் வரிசையாக ஐம்பது அறுபது மோட்டார் வண்டிகள் நிற்கும். அவற்றில் வந்தவர்கள் எல்லாரும் செல்போனை ஆகாசத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக் கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் ரேடியோ அலை வந்து விழும். "அம்மா, நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்ற ஒரு வார்த்தையை நியூயார்க்கிலோ பிளாரிடாவிலோ உள்ள பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு கூட்டமும். தீவின் பழைய ரேடியோ நிலையம் ஒன்று மட்டும் புயலிலும் ஓயாமல் பேசிக் கொண்டிருந்தது. காணாமற் போனவர்களின் பெயர்களும் தேடுகிறவர்களின் பெயர்களும் அதன் மூலம் இரவும் பகலும் ஒலிபரப்பாயின.

தண்ணீருக்காக ஜனங்கள் மலைச் சாலைகளுக்குப் போனார்கள். பாறையிடுக்கிலிருந்து கசியும் ஊற்றில் ஒரு குழாயைச் செருகி வைத்து, வாளியும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். பெண்கள் ஓடைக் கரையில் துணி துவைத்தார்கள். பெட்ரோலுக்கு ஒரு வரிசை; ஐஸ் கட்டிக்கு ஒரு வரிசை. ஐஸ் கட்டி என்றதும் நேயர்கள் சர்பத் ஞாபகம் கொள்ள வேண்டாம். நீரிழிவு நோயாளிகளின் இன்ஸுலின் மருந்து கெடாமல் இருக்க வேண்டுமானால் அது குளிர்ச்சியில் இருக்க வேண்டும். குளிர்ப் பெட்டி நின்ற வீட்டில் ஒரு பை ஐஸ் கட்டி என்பது ஒரு கிழவியின் ஆயுளுக்கு மற்றொரு நாள் சேர்ப்பதாகும். அதற்காக நாலு மணி, ஆறு மணி என்று வெயிலில் காத்து நின்றார்கள்.

கூரை போன வீடுகளின்மேல் நீல நிறத் தார்ப்பாய்கள் ஏறின. ஆகாயத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஊரெல்லாம் நீலத் திட்டுக்களாகத் தெரிந்தன. தற்காலிகமாகப் போட்ட அந்தத் தார்ப்பாய்களின் கீழேயே எத்தனையோ குடும்பங்கள் வருஷக் கணக்கில் வாழ நேர்ந்தது.

ஹுமக்காவோ நகரத்தைச் சேர்ந்த புன்டா ஸான்டியாகோ என்ற கடற்கரைப் பகுதியில் ஜனங்கள் நாற்சந்தியில் பெரிய பெரிய எழுத்துக்களாக, "தண்ணீரும் உணவும் வேண்டும்" என்று தெருத் தரையில் எழுதினார்கள். மேலே பறக்கும் விமானத்தின் கண்ணிலாவது படாதா என்ற ஆசைதான். உட்டுவாடோ என்ற மலைப் பிரதேசத்தில் ஒரு கிராமத்துக்கு இருந்த ஒரே பாலம் ஆற்றோடு போய்விட்டது. கிராமத்தார் அக்கரைக்கும் இக்கரைக்கும் கம்பி கட்டி, கப்பியில் கயிறு போட்டு, கடைகளில் சாமான் வைத்துத் தள்ளும் தள்ளுவண்டி ஒன்றை அதில் தொங்கவிட்டு, அரிசியும் தண்ணீரும் மருந்தும் இழுத்துக் கொண்டார்கள். தங்கள் இடத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர், 'மறக்கப்பட்டவர்களின் முகாம்.' அதை ஒரு பலகையில் எழுதியும் வைத்தார்கள். எத்தனை மகஜர்கள் எழுதினாலும் அந்த ஒரு பலகைக்கு ஈடாகுமா?

சோறு போட்டவர்களும் இருந்தார்கள். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பேர் பெற்ற சமையல் நிபுணர் ஹொஸே ஆன்ட்ரேஸ் வந்து, ஸான் ஹுவானில் ஒரு நண்பருடைய சாப்பாட்டு விடுதியில் அடுப்பை மூட்டினார். தீவின் சமையற்காரர்கள் அவரோடு சேர்ந்து கொண்டார்கள். பள்ளிக்கூடங்களும் மாதா கோயில்களும் சமையற்கூடங்களாயின. 30 லட்சத்துக்கு மேற்பட்ட சாப்பாடுகள் அவர்கள் கையால் சென்றன. இன்னும் பல ஊர்களில் அக்கம்பக்கத்தவர்கள் தாங்களே கூடிப் பொதுச் சமையல் நடத்தினார்கள். "இது தர்மம் அல்ல, சாப்பிட்டவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும், அல்லது காய் நறுக்க வேண்டும்" என்பது அவர்களில் பலருடைய ஏற்பாடு. வாங்குகிறவன் தலை குனியாமல் சாப்பிட வேண்டும் என்று நினைத்த அந்தப் பண்பை நாம் மிகவும் பாராட்டுகிறோம்.

கம்பி இழுத்த கிழவர்கள்

மின்சாரம் எப்போது திரும்பியது என்று நேயர்கள் கேட்பார்கள். நகரத்தின் முக்கியமான இடங்களுக்குச் சில வாரங்களில் வந்தது. மற்ற இடங்களுக்குச் சில மாதங்களில் வந்தது. மலைக் கிராமங்களின் கடைசி வீட்டுக்கு வந்து சேரும்போது 2018 ஆகஸ்டு மாதம் ஆகிவிட்டது. சுமார் பதினொரு மாதம்! அமெரிக்காவின் சரித்திரத்திலேயே இவ்வளவு நீண்ட மின்சார நிறுத்தம் வேறு இல்லை. நடுவே 2018 ஏப்ரல் 18-ல், விழுந்து கிடந்த கோபுரம் ஒன்றை அப்புறப்படுத்த வந்த யந்திரம் ஒரு பெரிய கம்பியில் பட்டு, தீவு முழுவதும் மறுபடியும் ஒரு நாள் இருண்டது.

பழுதுபார்க்கும் வேலைக்கு முதலில் அமர்த்தப்பட்டது எப்படிப்பட்ட கம்பெனி தெரியுமா? புயலடித்தபோது அந்தக் கம்பெனியில் முழு நேரச் சிப்பந்திகள் இரண்டே பேர்! அதனுடன் 30 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். நாலா பக்கமும் எழுந்த கூச்சலில் அந்த ஒப்பந்தம் சில வாரங்களிலேயே ரத்தாயிற்று. காலம் போனது போனதுதான்.

இதற்கு நேர் எதிரிடையான ஒரு காரியம் வடமேற்கேயுள்ள ஸான் ஸெபாஸ்டியன் என்ற ஊரில் நடந்தது. அந்த ஊரில் மின்சார இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற தொழிலாளிகள் சிலர் இருந்தார்கள். அவர்களும் ஊர் வாலிபர்களும் நகரசபைத் தலைவரும் ஒன்று சேர்ந்தார்கள். சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தினார்கள்; அறுந்த கம்பிகளை எடுத்து முடிச்சுப் போட்டார்கள்; வீதி வீதியாக வெளிச்சத்தைக் கொண்டு வந்தார்கள். மேலேயிருந்து உத்தரவு வரவில்லை என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. தலைநகரத்தில் ஒப்பந்தத்தைப் பற்றி வாதம் நடந்து கொண்டிருக்கும்போது, வேலையிலிருந்து விலகி வீட்டில் பேரன் பேத்திகளைக் கொஞ்ச வேண்டிய வயதிலே அந்தக் கிழவர்கள் கம்பத்தில் ஏறினார்கள். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

அறுபத்து நாலு

இதுவரையில் நாம் சொன்னவை எல்லாம் மனிதர்களுடைய சாமர்த்தியத்தைக் காட்டும் விஷயங்கள். இனிச் சொல்லப் போவது வேறு.

புயல் அடித்துப் பதின்மூன்று நாள் கழித்து, 2017 அக்டோபர் 3-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் தீவுக்கு விஜயம் செய்தார். அதுவரை இறந்ததாகக் கணக்கில் ஏறியவர்கள் 16 பேர். அதற்காகத் தீவு வாசிகள் பெருமைப்படலாம் என்று அவர் சொன்னார். உதவிப் பொருள்கள் வைத்திருந்த ஓரிடத்தில், காகிதத் துவாலைச் சுருள்களை எடுத்துக் கூட்டத்தில் பந்து எறிவது போல் எறிந்தார். அந்தப் படம் உலகமெல்லாம் பரவிற்று. அவர் விமானமேறிய அன்றே கணக்கு 34 ஆயிற்று. டிஸம்பரில் 64 ஆயிற்று. அதற்கு மேல் அந்த எண் மாதக் கணக்கில் அசையவில்லை.

64 பேர்தானா என்று ஜனங்கள் தங்களுக்குள் கேட்டுக் கொண்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் அவர்களுக்குத் தெரிந்த சாவுகள் இருந்தன. மூச்சுக்கு யந்திரத்தை நம்பியிருந்த தகப்பனார். டயாலிஸிஸ் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத மாமா. ஆம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுவதற்கு டெலிபோன் இல்லாத வீட்டில் நெஞ்சு வலி கண்ட பாட்டி. இவர்கள் மேல் மரமும் விழவில்லை, சுவரும் விழவில்லை. ஆகவே மரணச் சான்றிதழில் 'இருதய நோய்' என்றும் 'நீரிழிவு' என்றும் எழுதப்பட்டது. புயல் என்ற சொல் அதில் இல்லை. எனவே, சர்க்கார் கணக்கிலும் அவர்கள் இல்லை.

2018 மே மாதக் கடைசியில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த நிபுணர்கள், வீடு வீடாக விசாரித்ததை வைத்துக் கணித்து, இறந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அவர்களுடைய மதிப்பீடு மிகவும் விரிந்த எல்லைகளை உடையது. அதை அவர்களே சொன்னார்கள். ஆனால் ஜனங்களின் மனத்தில் இருந்ததற்கு அது ஒரு வாய் கொடுத்தது. அடுத்த சில தினங்களில் ஸான் ஹுவான் நகரத்திலுள்ள சட்டசபைக் கட்டிடத்தின் முன்னால் யாரோ ஒருவர் ஒரு ஜதை செருப்பைக் கொண்டுவந்து வைத்தார். மற்றொருவர் மற்றொரு ஜதை வைத்தார். காலையும் மாலையும் ஜனங்கள் வந்து கொண்டே இருந்தார்கள். வேலைக்குப் போகும் பூட்ஸ், கோயிலுக்குப் போகும் பாதரட்சை, குழந்தையின் சிறு செருப்பு. சிலவற்றில் இறந்தவரின் பெயரைச் சீட்டில் எழுதிச் செருகியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான ஜதைகள் சேர்ந்தன. கோஷம் இல்லை, கொடி இல்லை. "எங்கள் மனிதர்களை எண்ணுங்கள்" என்று கேட்பதற்கு அதைவிடச் சிறந்த வழி நமக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி, தீவின் கவர்னரே ஏற்படுத்திய ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையின் விசாரணை முடிவு வெளிவந்தது. 2017 செப்டம்பரிலிருந்து மறு வருஷம் பிப்ரவரி வரையில் வழக்கத்துக்கு மேற்பட்டு இறந்தவர்கள் 2,975 பேர் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். கவர்னர் அந்தக் கணக்கை ஒப்புக் கொண்டார். ஏழை ஊர்களிலும், வயதான ஆண்களிடையேயும் சாவு அதிகம் என்றும் தெரிய வந்தது.

64 எங்கே, 2,975 எங்கே! இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலேதான் இந்தத் துயரக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தச் சிறிய எண் புயலின் முதல் வேகத்தைக் காட்டுகிறது. பெரிய எண்ணில் அடங்கியவர்களில் எத்தனையோ பேர், காற்று ஓய்ந்து வெயிலடித்த பிறகு, ஒருவர் பின் ஒருவராக, ஓசையின்றி இறந்தவர்கள். காற்றைத் தடுக்க மனிதனால் முடியாது. ஆனால் இருட்டைக் குறைத்திருக்க முடியும். பதினொரு மாதத்தை ஒரு மாதமாக்கியிருந்தால் எத்தனை செருப்புக்களுக்கு உரியவர்கள் அவற்றை மாட்டிக் கொண்டு நடமாடிக் கொண்டிருப்பார்கள்!

மலையூரில் ஒரு வெளிச்சம்

அந்த இருளிலும் அணையாமல் இருந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம்.

தீவின் நடு மலையில் அட்ஹுன்தாஸ் என்று ஓர் ஊர். அங்கே இளஞ்சிவப்பு வர்ணம் பூசிய ஒரு பழைய வீடு. அதன் பெயர் 'காஸா புவெப்லோ'. 'ஊரார் இல்லம்' என்று சொல்லலாம். மலையைக் குடைந்து செம்பு எடுக்க வந்த திட்டத்தை எதிர்ப்பதற்காக அலெக்ஸிஸ் மஸோல் கொன்ஸாலெஸ் என்ற என்ஜினீயரும் அவருடைய குடும்பத்தாரும் அண்டை அயலாரும் 1980-ல் தொடங்கிய ஸ்தாபனம் அது. முதற் கூட்டத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். பதினைந்து வருஷம் போராடி 1995-ல் வெற்றி பெற்றார்கள். செம்புச் சுரங்கம் வரவிருந்த இடம் ஊராருக்குரிய காடாயிற்று. காப்பிக் கொட்டை விற்று வந்த வருமானத்தில் ஸ்தாபனத்தை நடத்தினார்கள். பிறர் கொடுக்கும் பணத்தில் நடத்தினால் பிறர் சொல்லும் சொல்லுக்கு ஆட வேண்டிவரும் என்பது அவர்களுடைய எண்ணம்.

1999-லேயே அந்த வீட்டின் கூரையில் சூரிய வெப்பத்திலல்ல, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் சோலார் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். புயல் ஓய்ந்த மறுநாள் ஊர் முழுவதும் இருண்டு கிடக்க, அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. ஜனங்கள் வந்தார்கள். மூச்சு யந்திரத்தைக் கொண்டுவந்து இணைத்துக் கொண்டார்கள். செல்போனுக்கு உயிர் ஏற்றிக் கொண்டார்கள். மின்சாரம் திரும்பும்வரையில் கையைக் கட்டிக் கொண்டிருக்காமல் அந்த ஸ்தாபனத்தார் ஆயிரக் கணக்கான சூரிய ஒளிக் கைவிளக்குகளை மலைக் கிராமங்களில் கொடுத்தார்கள். நோயாளிகள் உள்ள வீடுகள், நாவிதர் கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொன்றாகத் தகடுகளைப் பொருத்திக் கொண்டே போனார்கள். நாவிதர் கடை எதற்கு என்று கேட்கிறீர்களா? ஊர் ஜனங்கள் கூடுமிடம் அதுதான்!

2022 செப்டம்பர் 18-ல் 'பியோனா' என்ற புயல் வந்து தீவு முழுவதையும் மறுபடியும் இருளில் ஆழ்த்தியது. அட்ஹுன்தாஸில் அந்த வீடும், அதைப் பின்பற்றிய வீடுகளும் கடைகளும் வெளிச்சத்துடன் இருந்தன. 2023 மார்ச்சில் ஊரின் நடுவீதிக் கடைகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, கூரைத் தகடுகளையும் பாட்டரிகளையும் கொண்டு ஊருக்கே சொந்தமான ஒரு சிறு மின்சார வலையைத் திறந்தார்கள். தீவிலே கூரைமேல் தகடு போட்ட வீடுகள் இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டன. இதற்கிடையில் பெரிய மின்சார வலை 2024 டிஸம்பர் 31-லும் 2025 ஏப்ரல் 16-லும் புயல் எதுவும் இல்லாமலே அறுந்து, தீவை இருட்டாக்கியது.

பாராட்டும் பொறுப்பும்

நமது நாட்டிலும் இத்தகைய அனுபவங்கள் இல்லாமல் இல்லை. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த 'கஜா' புயலில் தஞ்சை, நாகை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகள் தலை சாய்ந்தன. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. சேற்று வயலில் இடுப்பளவு இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்த மின்வாரியத் தொழிலாளிகளையும், அவர்களுக்குத் தோள் கொடுத்த கிராமத்தாரையும் நாம் மறக்கவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஊர்ப் பொதுத் தொட்டியை நிரப்பிக் கொண்ட கிராமங்கள் எத்தனை!

இத்தகைய சமயங்களில், "ஜனங்கள் எப்படிச் சமாளித்தார்கள், பார்த்தீர்களா!" என்று பாராட்டுவது நமது வழக்கம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாராட்டுவதோடு நிறுத்திவிட்டால் அதில் ஒரு மோசம் இருக்கிறது. ஜனங்கள் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், சமாளிக்கட்டும் என்று மேலே இருப்பவர்கள் இருந்து விடுவார்கள். தள்ளுவண்டியைக் கம்பியில் தொங்கவிட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்களுக்கு வேண்டியது பாலம். கூரையில் தகடு போடக் கையில் பணமுள்ளவன் போட்டுக் கொள்வான். இல்லாதவன் மெழுகுவத்தியைத்தான் தேட வேண்டும். ஆகையால் ஊராரின் முயற்சி சர்க்காரின் கடமைக்குத் துணையாகுமே தவிர, ஒரு நாளும் அதற்கு ஈடாகாது. கடமையைச் செய்தார்களா என்று அறிவதற்கு முதல் வழி, இறந்தவர்களை ஒளிக்காமல் எண்ணுவது. செருப்புக்களைக் கொண்டுவந்து வைத்த அந்த ஜனங்கள் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த பாடம் இதுவே.

நாம் செய்யக்கூடிய சிறு காரியமும் ஒன்று உண்டு. அடுத்த மழைக்கு முன்னால், நம் வீதியில் மூச்சு யந்திரத்தை நம்பியிருப்பவர் யார், இன்ஸுலின் போட்டுக் கொள்பவர் யார், தனியாக இருக்கும் வயதானவர் யார் என்பதை அறிந்து வைத்துக் கொள்வோம். மின்சாரம் நின்ற இரவில் முதலில் தட்ட வேண்டிய கதவு எது என்று தெரிந்திருப்பது, எந்த விளக்குக்கும் குறைந்தது அல்ல.

இதை எழுதி முடித்ததும் பரணிலிருந்து அந்த அரிக்கேன் விளக்கை இறக்கித் துடைத்தோம். பழைய பாத்திரக் கடையில் திரி கிடைத்தது. பேத்தியிடம் அரிக்கேன் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட்டோம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதிர்வீட்டுத் தாத்தா வீட்டில் விளக்கு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தோம். இல்லை. இப்போது அந்த விளக்கு அவர் வீட்டில் இருக்கிறது.